பார்க்க நன்றாக இல்லையா? போடு அபராதம்! சிகாகோவில் 93 ஆண்டு இருந்த விசித்திர சட்டம்

திருடினால் தண்டிக்கலாம். குடித்துவிட்டு ரகளை செய்தால் தண்டிக்கலாம். பார்க்க அவலட்சணமாக இருந்தால்?

அதற்கும் தண்டனை இருந்தது! அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1881-ம் ஆண்டு இப்படி ஒரு சட்டம் போட்டார்கள். நோயால் உருக்குலைந்தவர்கள், கை-கால் ஊனமானவர்கள், பார்ப்பவர் முகம் சுளிக்கும்படி இருப்பவர்கள் தெருவில் தலைகாட்டக் கூடாது. மீறினால் 1 டாலர் அபராதம். பிறகு அது 50 டாலர் வரை ஏறியது.

இதற்கு வழிகாட்டியது சான்பிரான்சிஸ்கோ. அங்கே 1867-லேயே இந்தச் சட்டம் வந்துவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து 2 வருடம்தான் ஆகியிருந்தது. சண்டையில் கையையும் காலையும் கொடுத்தவன் வயிற்றுப் பிழைப்புக்குத் தெருவில் நின்றான். அவனைப் பார்த்து, "கண்ணுல படாதே, போ!" என்று சொல்லாத குறைதான். மாட்டியவர்களில் பெரும்பாலோர் பிச்சைக்காரர்கள். பங்களாவாசிகளுக்கு என்ன கவலை?

கூத்து 1974-லும் நடந்தது. ஒமாகா நகரில் வீடு வாசல் இல்லாத ஒருவரை போலீஸ்காரர் ஒருவர் பிடித்தார். என்ன குற்றம்? உடம்பில் தழும்பு! அதற்காகப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். "எவன் அழகு, எவன் அசிங்கம்னு எதை வச்சு அளக்கிறது?" என்று நீதிபதிக்கே குழப்பம். அரசு வக்கீல் வழக்குப் போட மறுத்துவிட்டார்.

சிகாகோவில் சட்டம் ரத்தானதும் அதே 1974-ல்தான். மனிதன் சந்திரனில் கால் வைத்து 5 வருடம் கழித்து!