மறைக்க முடியாத மைல்கள்



வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் நம் கண்கள் வேகத்தைக் காட்டும் முள்ளையே நாடுகின்றன. அதன் அருகே அமைதியாக நகரும் சில எண்களை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. வேகமுள் அந்தக் கணத்தை மட்டுமே சொல்லும். வண்டி நின்றதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். ஓடோமீற்றர் எனப்படும் தூரமானியோ, வண்டி வீதிக்கு வந்த நாள் முதல் கடந்த தூரம் அனைத்தையும் தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது.

இக்கருவியின் வரலாறு மிகப் பழமையானது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ் இதைத் தம் நூலில் விவரித்துள்ளார். நான்கு அடி விட்டமுள்ள தேர்ச்சக்கரம் 400 முறை சுழன்றால் ஓர் உரோமை மைல் நிறைவுறும். அப்போது பற்சக்கரங்கள் நகர்ந்து, ஒரு கூழாங்கல்லைக் கீழே உள்ள பாத்திரத்தில் ஓசையுடன் விழச் செய்யும். மாலையில் கற்களை எண்ணினால் அன்றைய பயணத்தின் தூரம் தெரிந்துவிடும்.

இக்கருவி இல்லாதபோது என்ன நேரும்? 1847இல் மொர்மன் மக்கள் அமெரிக்காவின் மேற்குத் திசை நோக்கி வண்டிகளில் பயணித்தனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் கிளேட்டன், ஒரு வண்டிச் சக்கரத்தில் துணித்துண்டைக் கட்டி, அது சுழலும் ஒவ்வொரு முறையையும் நாள் முழுவதும் எண்ணினார். 360 சுற்றுகள் ஒரு மைல். மே 8ஆம் நாள் அவர் எண்ணியவை 4,070 சுற்றுகள். அதாவது 11 மைலுக்குச் சற்று அதிகம். உடன் பயணித்தோரோ அதைவிடக் கூடுதலாகவே மதிப்பிட்டிருந்தனர். களைத்த கால்களுக்குக் கடந்த வழி நீண்டதாகவே தோன்றும் அல்லவா? சில நாள்களில், ஓர்சன் பிராற் வகுத்த திட்டப்படி அப்பிள்ற்றன் ஹார்மன் மரப் பற்சக்கரங்களால் ஒரு தூரமானியைச் செய்து முடிக்க, எண்ணும் பணி எளிதாயிற்று.

பழைய மோட்டார் வாகனங்கள் பலவற்றின் தூரமானியில் ஐந்து இலக்கங்களே முழு மைல்களைக் காட்டின. 99,999ஐத் தாண்டியதும் எல்லாம் பூச்சியமாகிவிடும். ஆனால், அதனால் வண்டி புதிதாகிவிட்டதா? இல்லையே! எண்தான் மாறியது, தேய்ந்த இயந்திரம் தேய்ந்ததாகவே இருந்தது.

இந்த எளிய உண்மையை மறைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. பாவித்த வாகனத்தின் தூரத்தைக் குறைத்துக் காட்டி அதிக விலைக்கு விற்கிறார்கள். அன்று எண் உருளைகளைக் கையால் திருப்பினார்கள்; இன்று இலத்திரனியல் நினைவகத்தில் பதிந்த எண்ணையே மாற்றி எழுதுகிறார்கள். அமெரிக்கா 1972இல் இதைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும், ஆண்டுதோறும் 450,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் பொய்யான எண்ணுடன் விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய நம் நாட்டிலும், ஜப்பானில் பாவித்த வாகனங்களை வாங்குவோர் பலர். வாங்குமுன் அங்கு ஏலத்தில் பதிவான தூரத்தையும் வாகனத்தில் காணும் தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக் மிதியின் தேய்மானத்தையும், ஸ்ரியறிங்கின் வழவழப்பையும், இருக்கையின் ஓரங்களையும் உற்று நோக்குங்கள். எண் மறைத்ததை அவை சொல்லிவிடக் கூடும்.

இது வெறும் பணவிடயம் அன்று. எண்ணெய் மாற்றுவதும், இயந்திரத்தின் ரைமிங் பெல்ற்றை மாற்றுவதும் தூரத்தைக் கணக்கிட்டே செய்யப்படுகின்றன. பொய்யான எண்ணை நம்பி, மாற்றவேண்டிய பாகத்தை மாற்றாமல் குடும்பத்தோடு நெடுந்தூரம் புறப்படும் ஒரு தந்தையை நினைத்துப் பாருங்கள். கள்ளத் தராசை நீதிமொழிகள் நூல் வன்மையாகக் கண்டிக்கிறது. கள்ளத் தூரமானியும் அதன் உடன்பிறப்பே.

உண்மையில், அதிக தூரம் ஓடியிருப்பது வெட்கத்துக்குரியதா? நியூயோர்க்கைச் சேர்ந்த ஆசிரியர் ஏர்வ் கோர்டன், 1966ஆம் ஆண்டு வாங்கிய தம் வொல்வோ காரில் 2013இல் 30 இலட்சம் மைல்களைக் கடந்தார். நிலவுக்கு ஆறு முறை போய்த் திரும்பக்கூடிய தூரம் அது! உரிய நேரத்தில் எண்ணெய் மாற்றி, பழுது பார்த்துப் பேணியதால் அது ஓடிற்று. அந்தப் பெரிய எண்ணை அவர் மறைக்கவில்லை; உலகமே அதை வியந்து பார்த்தது.

ஆகவே, வாசகர்களே, வாகனம் ஒன்றை விற்க நேர்ந்தால், அது ஓடிய தூரத்தை உள்ளபடியே சொல்லுங்கள். செய்த பழுதுபார்ப்புகளின் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள். விலை சற்றுக் குறையலாம். ஆனால் நாளை அந்த வண்டியில் தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப்போகிறவர், நீங்கள் சொன்ன அந்த எண்ணை நம்பியே வீதியில் இறங்குவார்.