திருச்சிச் சுருட்டின் காரம்

தென்னாற்காட்டு ஊர்களில் சுருட்டுக்கு முதல் அளவுகோல் காரம். முதல் இழுப்பிலேயே நாக்கின் ஓரம் சுள்ளென்று உறைக்க வேண்டும். ஆனால் தொண்டையை அறுக்கக் கூடாது. அப்படிப்பட்ட சுருட்டைப் பெட்டிக்கடையில் கட்டைப் பிரித்துத்தான் எடுப்பார்கள். விரலிடையே உருட்டும்போது நொறுநொறுத்தால் காய்ந்துபோனது. அமுக்கிய இடம் மீளாவிட்டால் ஈரம் மிகுந்தது. பிறகு மூக்கருகே ஒரு முறை. இத்தனையும் முடிந்த பின்தான் காசு கைமாறும்.

இலை திண்டுக்கல் பக்கத்தது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்று அங்கே பேர்பெற்ற இரண்டு ரகங்கள் இருந்தன. வெட்டிய இலையை உலர்த்தி, அம்பாரமாகக் குவித்து, உள்ளே சூடேற ஏற மேல் கீழாகப் புரட்டிப் போடுவார்கள். அந்தச் சூட்டில் இலையின் கரகரப்பு தணியும், மணம் கூடும், நிறம் கறுக்கும். வெல்லப்பாகில் பதப்படுத்துவதும் உண்டு. திருச்சி உறையூரில் பலகை முன் உட்கார்ந்து, உள்ளிலையைச் சேர்த்து மேலிலையைச் சுற்றி, இரண்டு முனையும் திறந்திருக்க நறுக்கி முடிப்பார்கள். அந்தச் சுருட்டு கடல் கடந்து போனது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலின் கறுப்பையும் செதிலையும் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிகிறார் ஹோம்ஸ். உறையூர்க் கைவேலை லண்டன் வாசகருக்கு அவ்வளவு பழக்கமாகியிருந்தது.

புகைக்கும் முறையும் நிதானமானது. முனையைத் தீயில் காட்டி, சுற்றிலும் சீராகக் கனியவிட்டு, பிறகே வாயில் வைப்பார்கள். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி, நாக்கில் புரட்டி, மெல்ல வெளியே விடுவதோடு சரி. தொடக்கத்தில் மண்ணும் வெல்லமும் கலந்த ஒரு வாசம், நடுவில் மிளகின் உறைப்பு, கடைசியில் கசப்பு. பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொள்வோரும் உண்டு. மீண்டும் பற்றவைத்தால் அது இரட்டிப்பாய்க் கசக்கும். ஒரு சுருட்டு முடிய அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணியில் திண்ணையில் பஞ்சாயத்து நடக்கும், முந்திரி விலை பேசப்படும். பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கும் இடம் இருக்கும்.

முந்திரியும் பலாவும் நின்ற தென்னாற்காட்டுச் செம்மண் காட்டில் 1956-இல் நெய்வேலி லிக்னைட் கழகம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் லிக்னைட் எனும் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-இல் ஓடத் தொடங்கியது. வட்டம் வட்டமாக நகரியம் விரிந்தது. திண்ணை இல்லாத குடியிருப்பும், ஷிப்ட் மாறும் நேரமும் வந்தன. பஸ்ஸுக்கு நிற்கிறவனிடம் அரைமணி நேரம் இல்லை. ஐந்து நிமிடத்தில் முடியும் பீடியும் சிகரெட்டும்தான் அவனுக்குத் தோதாயின. காற்றுப் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது லிக்னைட். அதை வெட்டும் இடத்தில் புகைக்கு ஏது வேலை? சுருட்டை நெய்வேலியில் முதலில் ஓரங்கட்டியது சட்டமோ மருத்துவமோ அல்ல, கடிகாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றவை பின்னால் வந்தன. 2003-இல் புகையிலைப் பொருள்களுக்கான மத்தியச் சட்டம்; 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை; 2016-இல் பாக்கெட்டின் முகத்தில் 85 விழுக்காட்டை நிறைக்கும் எச்சரிக்கைப் படம். நாட்டில் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10-இல் 34.6 விழுக்காடு, 2016-17-இல் 28.6. இந்தச் சரிவை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். சுருட்டுப் புகையின் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் இறங்குகிறது. ருசி எங்கே தங்கியதோ அங்கேயேதான் புண்ணும் புற்றும் தோன்றின. நெஞ்சுக்குள் இழுக்காததால் சுருட்டு தீங்கற்றது என்று அன்று நம்பியவர்கள் பலர். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று உயர்தரச் சுருட்டின் ருசி பேசப்படுவது பெருநகர நட்சத்திர ஓட்டல்களில். கியூபாவிலிருந்து வரும் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை. அதற்கு ஈரப்பதம் 70 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் மரப்பெட்டி, மூடிய முனையை நறுக்கத் தனிக் கத்தி. செடியின் உச்சியில் வெயிலை அதிகம் வாங்கிய இலைதான் காரம் தருவது என்பதை அங்கே விளக்கிச் சொல்கிறார்கள். முதற்பகுதி, நடு, கடைசி என்று சுவையைப் பிரித்துக் குறிப்பெடுக்கிறார்கள். பெட்டிக்கடை வாசலில் விரலும் மூக்கும் செய்த சோதனைதான் இது. அன்று அது கூலிக்காரருக்கும் எட்டியது.

நெய்வேலியில் இப்போது பெட்டிக்கடைகளில் சுருட்டுக் கட்டைக் காண்பது அரிது. சுற்றுக் கிராமங்களில் முனீஸ்வரனுக்குப் படையல் போடும் நாளில் அதைத் தேடி வருகிறார்கள். சோவியத் உதவியால் எழுந்த 600 மெகாவாட் மின் நிலையம் 2020-இல் நின்றுபோனது. அதற்கு மாற்றாக வந்தது 1,000 மெகாவாட். பழையதைப் பற்றிய குறிப்புகள் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டிருக்கும். சுருட்டுக்கும் அப்படி ஒரு பாதி உண்டு: திண்டுக்கல் பக்கத்து வேடசந்தூரில் 1948 முதல் இயங்கும் புகையிலை ஆராய்ச்சி நிலையம் விதை, உரம், உலர்த்தல் ஆகியவற்றை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. எந்த இலையோடு எதைச் சேர்த்தால் காரம் தொண்டையை அறுக்காமல் நாக்கில் மட்டும் நிற்கும் என்ற மறுபாதி, உறையூரில் இன்னும் பலகை முன் உட்காரும் வயதான கைகளில் இருக்கிறது. புகைக்க ஆளில்லாமல் போகட்டும்; அந்தக் கணக்கை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.