காசோலை

பெருந்தொகையை மடியில் முடிந்துகொண்டு வழிநடப்பது என்றுமே அச்சத்திற்கு இடமான செயல். ஆதலின் நம் நாட்டு வணிகர்கள், ஓரூரில் செலுத்திய பணத்தை வேற்றூரில் பெற்றுக்கொள்ள ‘உண்டியல்’ என்னும் சீட்டை வழங்கி வந்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாள்களில் உண்டியல் அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. இன்று வங்கிகள் தரும் காசோலையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கைப்பேசி வழியே நொடியில் பணம் அனுப்பும் இக்காலத்திலும் அதன் வழக்கு ஒழிந்துவிடவில்லை.

காசோலை பணமன்று, ஆணை. “என் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க” என்று கணக்குடையவர் தம் வங்கிக்கு இடும் ஆணை அது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. அவ்வாணை பல கைகள் மாறிச் செல்வது. நாம் சொல்லாத ஒன்றைப் பிறர் அதில் ஏற்றிவிடக் கூடாதன்றோ? காசோலை எழுதும் விதிகளிற் பல இந்த ஒரு கவலையிலிருந்தே பிறந்தன.

முதற்கண் தேதியைக் குறித்தல் வேண்டும். அத்தேதியிலிருந்து மூன்று திங்கள் வரையே காசோலை செல்லும். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களுக்கு முன் இக்கெடு ஆறு திங்களாக இருந்தது. பெறுபவர் பெயரை அவருடைய வங்கிக் கணக்கில் உள்ளவாறே எழுதுக.

தொகை எழுதும் இடமே மிக்க விழிப்புக்கு உரியது. ஒருவர் தமிழில் ‘ஐந்நூறு’ என்று எழுதுகிறார். தமிழில் எழுதத் தடையில்லை. ஆனால் அச்சொல்லுக்கு முன் இரண்டு விரற்கடை வெற்றிடம் விட்டுவிடுகிறார். தீயவன் ஒருவன் அவ்விடத்தில் ‘ஆறாயிரத்து’ என்று சேர்த்து, 500 என்னும் எண்ணுக்கு முன் ஒரு 6 இட்டால், ஐந்நூறு ஆறாயிரத்து ஐந்நூறாகிவிடும்! ஓரெழுத்தையும் அவன் அழிக்கவில்லை. விட்ட இடத்தை நிரப்பினான், அவ்வளவே. ஆதலின் கோட்டின் தொடக்கத்திலேயே எழுதத் தொடங்கி, ‘மட்டும்’ என்று முடித்து, எஞ்சிய இடத்தைக் கோடிட்டு அடைத்தல் வேண்டும். எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்பது சட்டம். எனினும் அத்தகைய காசோலையை வங்கி திருப்பிவிடுவதே பெரும்பான்மை. பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்தாமல் வேறொரு தாளில் எழுதுவதே தக்கது.

‘அல்லது கொணர்பவருக்கு’ என்று அச்சிட்ட காசோலை வழியில் தவறி விழுந்தால், கண்டெடுத்தவனும் அதைக் காட்டிப் பணம் பெற முயலலாம். அச்சொற்களை அடித்துவிட்டு, இடப்புற மேல்மூலையில் இரு சாய்கோடுகள் இட்டு, அவற்றினிடையே ‘பெறுநர் கணக்கில் மட்டும்’ என்று எழுதினால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். பணம் கையிற் கிடைக்காது. பெயருக்குரியவர் கணக்கிலேயே சேரும்.

கையொப்பம் வங்கியிற் கொடுத்த மாதிரியை ஒத்திருத்தல் வேண்டும். நண்பர்தாமே என்று வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டுக் கொடுப்பார் உளர். அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் உடன் கொடுத்தவராகவே நீதிமன்றம் அவரைக் கொள்ளக்கூடும்.

கணக்கில் பணமின்றிக் காசோலை கொடுப்பதோ மற்றொருவர் உழைப்பை ஏய்ப்பதாகும். தச்சர் ஒருவர் கதவு செய்து கொடுத்துக் கூலியாகக் காசோலை பெறுகிறார் எனக் கொள்வோம். மரக்கடைக் கடனை அதைக்கொண்டே அடைக்க எண்ணியிருக்கிறார். வங்கியோ ‘போதிய பணமில்லை’ என்னும் குறிப்புடன் அதைத் திருப்பிவிடுகிறது. முன்பு அவர் உரிமையியல் வழக்கிட்டுக் காத்திருக்க நேரிடும். 1988இல் இயற்றி 1989இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இதனைக் குற்றமாக்கிற்று. இன்று அதற்குரிய தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இவ்விரண்டும். செய்தி கிடைத்த 30 நாள்களுக்குள் தச்சர் எழுத்து மூலம் அறிவிப்பு விடுத்தல் வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள் தவணை உண்டு. அதன் பின்னும் கொடாவிடின், தச்சர் ஒரு திங்களுக்குள் நீதிமன்றத்தில் முறையிடலாம்.