சியேரா லியோனில் கருவுற்ற மாணவியரின் கல்வி உரிமை

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியேரா லியோனில் 2014இல் எபோலா நோய் பரவியதால் பள்ளிகள் பல மாதங்கள் மூடப்பட்டன. அக்காலத்தில் பதின்ம வயதுச் சிறுமியர் பலர் கருவுற்றனர். 2015 ஏப்ரலில் பள்ளிகள் திறந்தபோது, கருவுற்ற மாணவியர் வகுப்புக்கு வரவும் பொதுத்தேர்வு எழுதவும் அரசு தடை விதித்தது. வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கும் விலக்கு இல்லை. கருவுக்குக் காரணமான ஆண்களின் படிப்புக்கோ தடையே இல்லை. இச்சிறுமியருக்கென அமைந்த தனி மையங்களில் வாரத்தில் மூன்று நாள், நான்கு பாடங்கள் மட்டுமே, பெயரளவில்தான் பள்ளி.

2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தின் நீதிமன்றம் இத்தடை பாகுபாடானது எனத் தீர்ப்பளித்து, அம்மையங்களையும் கைவிட ஆணையிட்டது. 2020 மார்ச் 30 அன்று அரசு தடையை நீக்கியது. ஆனால் அவ்வேளையில் கோவிட் பெருந்தொற்றால் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.