இங்கு வாடை குளிராது

நம்மூரார் காற்றுக்குப் பெயர் சூட்டி வைத்தனர்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை, ஒக்லாந்துக்கு ஈரத்தைக் கொணர்ந்தது வடக்கிலிருந்து வந்த காற்று. ஊர்ப் பழக்கத்தில் அதனை வாடை என்போம்; குளிரும் என எதிர்பார்ப்போம். ஆனால் இங்கு நிலநடுக்கோடு நமக்கு வடக்கே உள்ளது. வெப்பவலயக் கடலின் ஈரத்தைச் சுமந்து, வெதுவெதுப்பாய் வருவதே இங்குள்ள வாடை.

அன்று மாலை சான்ட்ரிங்காம் பகுதித் தெருக்களில் நீர் ஏறியது. மழை விட்டால் வடிந்துவிடும் என்று நம்மவர் பலர் காத்திருந்தனர். நாமுந்தான். ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்தைக் கற்பித்த நாம், நீர் வாசற்படியைத் தாண்டிய பின்னரே புத்தகப் பெட்டிகளை மேசைமேல் ஏற்றத் தொடங்கினோம். அடியிலிருந்த இரண்டு பெட்டிகள் பயனற்றுப் போயின.

விரிவுரையில் சொன்னதை இங்கு மீண்டும் சொல்கிறோம். வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், காற்று கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடி சுடுவதை அறிவோம். அமுக்கினால் காற்று சூடேறும், விரிந்தால் குளிரும். மேலெழும் காற்றைச் சூழும் அமுக்கம் குறைவதால் அது விரிந்து, கிலோமீற்றருக்குச் சுமார் 10 பாகை வீதம் குளிர்கிறது. ஓர் உயரத்தில் நீராவி துளிகளாக ஒடுங்கத் தொடங்கும். கதை அங்கேதான் திரும்புகிறது. ஒடுங்கும் ஒவ்வொரு கிலோகிராம் நீராவியும் ஏறத்தாழ 2500 கிலோயூல் மறைவெப்பத்தை வெளிவிடுகிறது. 20 பாகையிலுள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போல் ஏழு மடங்குக்கும் அதிகம் அது! அவ்வெப்பத்தால் காற்று மேலும் எழும். கீழிருந்து புதிய ஈரக்காற்று அதன் இடத்துக்கு இழுபடும். மழையே மழைக்கு விறகாகிறது.

அன்று மேற்கே தாழமுக்கம். கிழக்கே எளிதில் நகராத உயரமுக்கம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி இடஞ்சுழியாகச் சுழன்றது. தென்னரைக்கோளத்தில் தாழமுக்கம் வலஞ்சுழி. பூமியின் சுழற்சி இங்கு காற்றை இடப்புறமாகத் திருப்புவதே காரணம். (கைகழுவும் தொட்டியில் நீர் சுழலும் திசையும் இதனால் மாறும் என்பது வீண்பேச்சு, தொட்டி அதற்கு மிகச் சிறியது.) எனவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், ஊரில் தாழமுக்கம் இடக்கைப் பக்கம் இருக்கும், இங்கு வலக்கைப் பக்கம். மேற்கே வலஞ்சுழி, கிழக்கே இடஞ்சுழி. இரண்டும் நடுவிலிருந்த ஈரக்காற்றைத் தெற்கு நோக்கித் தள்ள, நகரம் அதன் கீழ் அகப்பட்டது. விமான நிலையத்தில் அன்று 240 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பதிவானது. நால்வர் உயிரிழந்தனர். பெப்ரவரி நடுவில் வந்த கப்ரியேல் சூறாவளி மேலும் 11 உயிர்களைக் கொண்டு சென்றது.

புதிதாக வந்திறங்கும் குடும்பங்கள் வாடகையையும் பாடசாலையையும் விசாரிக்கின்றன. நிலம் எப்பக்கம் சரிகிறது என்று கேட்பதில்லை. ஒக்லாந்து மாநகர சபை வெளியிட்டுள்ள வெள்ள வரைபடத்தில், பெருமழையில் நீர் எவ்வழியே ஓடும் என்பதை முகவரி வாரியாகப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பார்த்துவிடுங்கள். நாம் வெள்ளம் வடிந்த பின்னர்தான் பார்த்தோம். நீரோடும் வழி நமது கூடத்தின் ஊடாகவே வரையப்பட்டிருந்தது.