போர்முனைக்கு ரொட்டி போகும் வழி

"நன்றாக வென்றுகொண்டிருந்தேன், ஐயா. விளையாட்டைப் புதுப்பிக்கிறோம் என்று கெடுத்துவிட்டார்கள்!" என்று ஒரு மாணவன் முன்பு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். அவன் சொன்னது 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' என்ற கணிப்பொறி விளையாட்டை. இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட இதனை ஸ்வீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. 2021 நவம்பர் 23 அன்று 'பார்பரோசா' என்ற பெயருடன் வந்த 1.11-ஆம் பதிப்பு, படைகளுக்கு உணவும் எரிபொருளும் குண்டுகளும் போய்ச் சேரும் முறையை அடியோடு மாற்றியது. என் மாணவனின் படை பட்டினி கிடந்தது அதனால்தான்.

பழைய முறையில் நிலப்படம் பெரிய வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டாரமும் இத்தனை படைகளைத் தாங்கும் என்று ஒரு கணக்கு. வட்டாரத்திற்குள் இரயில் நிலையத்தின் வாசலில் நின்றாலும், சதுப்பு நிலத்தின் நடுவில் நின்றாலும் ஒரே பங்குதான். கணக்கிட எளிது, ஆனால் இயற்கை அப்படி நடப்பதில்லை.

புதிய முறையில் பொருள்கள் தலைநகரிலிருந்து இருப்புப்பாதை வழியாக வழங்கல் கிடங்குகளுக்குச் செல்லும். பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. வழியில் மிகத் தாழ்ந்த தரம் எதுவோ, அதுவே கிடங்குக்குக் கிடைக்கும் அளவைக் கட்டுப்படுத்தும். தொடரிணைப்பில் மின்தடைகளைக் கூட்டுகிறோமே, அதுபோல் இங்கே கூட்டல் கிடையாது. குழாயின் மிகக் குறுகிய இடமே நீரின் அளவை முடிவு செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கிடங்கைத் தாண்டிய பின் தூரம் கூடக் கூட வழங்கல் குறையும். ஏன்? ஒரு லாரி 3 டன் ஏற்றி, நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். படை 75 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் நாளுக்கு ஒருமுறை போய்த் திரும்பலாம். 300 கிலோமீட்டர் என்றால் போய்த்திரும்ப நான்கு நாள். ஆக, நாளொன்றுக்குக் கிடைப்பது முக்கால் டன்! அதே அளவு ரொட்டி வேண்டுமானால் நான்கு மடங்கு லாரிகள், நான்கு மடங்கு எரிபொருள். அந்த எரிபொருளையும் யாராவது சுமந்து வந்தாக வேண்டும் அல்லவா? 450 டன் ஏற்றிய ஓர் இரயில் இத்தகைய 150 லாரிகளின் வேலையைச் செய்துவிடும்.

1941 ஜூன் 22 அன்று சோவியத் நாட்டின்மீது படையெடுத்த ஜெர்மானியர் இந்தக் கணக்கில்தான் சிக்கினார்கள். அவர்களுடைய தண்டவாளங்களின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். சோவியத் தண்டவாளங்களுக்கு 1524. வேறுபாடு 89 மில்லிமீட்டர், ஏறத்தாழ நம் உள்ளங்கையின் அகலம். அதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்குத் தண்டவாளத்தைக் கழற்றி, நகர்த்திப் பொருத்த வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் அவர்களுடைய நீராவி எஞ்சின்களின் வெளிப்புறக் குழாய்களில் நீர் உறைந்து, குழாய்கள் வெடித்தன. நீர் உறையும்போது விரிகிறது என்று படித்திருக்கிறீர்களே, அது இங்கே ஒரு படையையே முடக்கிற்று.

இதில் கணிதச் சுவையும் உண்டு. 1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்திற்காக ஹாரிஸ், ராஸ் என்ற இருவர், சோவியத் நாட்டையும் கிழக்கு ஐரோப்பாவையும் இணைக்கும் இருப்புப்பாதைகளை 44 புள்ளிகளும் 105 கோடுகளும் கொண்ட வலையாக வரைந்து, அதன்வழி அதிக அளவாக எவ்வளவு சரக்கு செல்லும் என்று ஆராய்ந்தார்கள். 1956-இல் ஃபோர்டு, ஃபல்கர்சன் ஆகியோர் அதற்குரிய தேற்றத்தை வெளியிட்டார்கள். எந்தக் கோடுகளை வெட்டினால் மிகக் குறைந்த செலவில் வலை இரண்டாகப் பிரியுமோ, அவற்றின் கொள்ளளவே வலையின் உச்ச ஓட்டம் என்பது அது.

இனி நீங்களே பாருங்கள். தலைநகரிலிருந்து கிடங்கு வரை பாதை மூன்று துண்டுகள்; தரம் முறையே 4, 1, 3. இரண்டு படி உயர்த்தும் அளவுக்குத்தான் இரும்பு இருக்கிறது. என் மாணவன் முதல் துண்டில் ஒரு படியும் மூன்றாவதில் ஒரு படியும் ஏற்றினான். அவன் படைக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்? நீங்களாக இருந்தால் எங்கே ஏற்றியிருப்பீர்கள்?