மணவினையும் சம உரிமையும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று எழுதிவைத்தல் எளிது. அவ்வெழுத்து எத்துணைத் தூரம் செல்லும் என்று கண்டறிதலே அரிது. தென்னாபிரிக்காவில் அது கண்டறியப்பட்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

அந்நாட்டில் மணம் என்பது நெடுங்காலமாகவே அரசியல் வழக்காக இருந்துள்ளது. கிறிஸ்தவ முறைப்படி நடவாத விவாகம் செல்லாது என்று 1913இல் கேப் மாகாண நீதிமன்று தீர்ப்பளித்தபோது, அங்கு வாழ்ந்த இந்திய மாதர் அறப்போரில் இறங்கிச் சிறை புகுந்தனர். அப்போரில் சிறைசென்ற தமிழ்ப் பெண் வள்ளியம்மை, நோயுற்று 1914இல் தமது 16ஆவது வயதில் உயிர் நீத்தார். பின்னர் 1949இல், வெள்ளையரும் பிற இனத்தவரும் மணத்தலைச் சட்டம் தடுத்தது. அத்தடை 1985 வரை நீடித்தது.

இக்கொடுமைகளை அனுபவித்தறிந்தோர் வகுத்த 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, இனம், சமயம், பால் என்பவற்றோடு பாலீர்ப்பையும் சேர்த்து, இவை காரணமாக எவரிடத்தும் நியாயமற்ற பாகுபாடு காட்டலாகாது என விதித்தது. அவ்விதியைத் துணைக்கொண்டு, ஒன்றாக வாழ்ந்த இரு பெண்கள் தமது இணைவாழ்வை மணமாக ஏற்குமாறு வழக்காடினர்.

மணம் மகப்பேற்றின் பொருட்டு அமைந்தது. சமயங்கள் போற்றும் அவ்வமைப்பை மாற்றலாகாது. வேண்டுமாயின் வேறு ஏற்பாட்டின் கீழ் உரிமை வழங்கலாம் என்று மறுத்தோர் வாதித்தனர்.

அரசியலமைப்பு நீதிமன்று 2005 டிசம்பர் 1ஆந் திகதி விடை பகர்ந்தது. நீதியரசர் அல்பி சாக்ஸ் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இதுவாகும்: மகப்பேறே மணத்தின் இலக்கணமாயின், மகவில்லாதோரும் முதுமையில் மணந்தோரும் தம்பதியர் அல்லர் என்றாகிவிடும். சமயகுருமார் தம் கொள்கைக்கு மாறான மணத்தை நடத்திவைக்க வேண்டியதில்லை. எனினும் ஒருசாரார் நம்பிக்கை, பிறரது அரசியலமைப்பு உரிமையை அளக்கும் கோலாகாது. ஒதுக்கிவைத்துச் சமத்துவம் வழங்குவோம் என்பதோ, இனவொதுக்கலின் பெயரால் அந்நாடு முன்னரே கண்டு நொந்த பழங்கதை.

சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு ஓராண்டுத் தவணை அளிக்கப்பட்டது. உரிமை உண்டென்று கண்டபின் காத்திருக்கச் செய்வானேன் என்பது நீதியரசர் கேட் ஓ'ரீகனின் கருத்து. தவணை முடிய ஒரு நாள் இருக்கையில், 2006 நவம்பர் 30ஆந் திகதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இத்தீர்ப்பை ஏற்போரும் உளர், ஏலாதோரும் உளர். எப்பக்கம் சார்ந்து சிந்திப்பினும், மாணவர் ஒன்றை மனங்கொள்ளல் நன்று. 1913இல் சிறை புகுந்த மாதரும், பின்னாளில் மன்றேறிய அவ்விருவரும் வேண்டியது சலுகையன்று. ‘எங்கள் இல்லறமும் இல்லறமே’ என்னும் ஒரு சொல்லையே அவர்கள் சட்டத்தின் வாயிலிருந்து கேட்க விழைந்தனர்.